தொட்டுப் பார்த்ததற்குக் கட்டம் இல்லை

அரசாங்கத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று ஒருநாள் அரசாங்கத்துக்குத் தெரியவந்தது. செய்தியில் சொன்னார்கள். உடனே கூட்டம் போட்டார்கள். ‘ஏன் குறைந்தது?’ என்று வாய் தவறிக் கேட்டுவிட்ட ஓர் அதிகாரியைத் தொலைதூரத்துக்கு மாற்றிவிட்டு, ‘எவ்வளவு குறைந்தது?’ என்று கண்டுபிடிக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதுதான் மக்கள் நம்பிக்கை அளவீட்டு ஆணையம். நான் அதில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கெடுப்பாளன். கதவைத் தட்டுவேன், கேள்வி கேட்பேன், கட்டத்தில் டிக் அடிப்பேன். வேறு பாவம் எதுவும் அறியாதவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலக வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை உண்டு. கீழே சுழி, மேலே நூறு. நடுவில் ஒரு சிவப்பு ரிப்பன் அன்றைய நம்பிக்கையைக் காட்டும். தினமும் காலையில் அதை நகர்த்துவதற்கென்றே ஒருவரை நியமித்திருந்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் அவர் அதை ஒருமுறைகூட நகர்த்தியதில்லை. அது எப்போதும் ஐம்பதில்தான் இருந்தது.

காரணம் எளிது. எங்கள் நகரத்தில் இரண்டு சேனல்கள். ஒன்றாம் சேனல் பார்ப்பவர்களுக்கு இப்போதைய அரசாங்கத்தின் மேல் தொண்ணூற்றொரு விழுக்காடு நம்பிக்கை. இரண்டாம் சேனல் பார்ப்பவர்களுக்கு ஒன்பது. கூட்டி வகுத்தால் ஐம்பது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆட்சி மாறியது. பதவியேற்பு முடிந்த அன்று மாலையே எங்களை அளக்க அனுப்பினார்கள். தொண்ணூற்றொன்றும் ஒன்பதும் நாற்காலி மாற்றி உட்கார்ந்திருந்தன. கூட்டி வகுத்தால் அதே ஐம்பது. வீடு அதே வீடு, ஆள் அதே ஆள், வாசலில் இருந்த குழியும் அதே குழி. முந்தின வாரம் அந்தக் குழியைக் காட்டி, “இதுல விழுந்து ஒருத்தனாவது செத்தாத்தான் இவங்களுக்குப் புத்தி வரும்” என்று கத்திய ஒருவர், இப்போது, “குழின்னா இருக்கத்தான் செய்யும், பார்த்துப் போகணும்” என்றார். எதிர்வீட்டுக்காரர் அதே வாரத்தில் இதற்கு நேர்மாறாக மாறியிருந்தார். இருவருக்கும் நடுவில் குழி மட்டும் கொள்கை மாறாமல் கிடந்தது.

எங்கள் இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். கண்ணைத் திறந்தால் எதிரில் இருப்பவை எல்லாம் தெரிந்து சிந்தனை கெடும் என்பார். அவர் கொள்கை இதுதான்: “அவநம்பிக்கைங்கிறது ஒரு தொத்து வியாதி. அரசாங்கத்தால அது வர்றதில்ல. அரசாங்கம் பாட்டுக்கு அரசாங்கமா இருக்கு. செய்திதான் கொசு. கொசு எங்கேயிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சா போதும். கடிபட்டவனுக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டுக்கிட்டிருக்கிறது நம்ம வேலை இல்ல.”

இதற்காக அவர் வடிவமைத்ததுதான் படிவம் ஏழு. அதில் பதினொன்றாவது கேள்வி: ‘அவநம்பிக்கை வந்த வழி எது?’ ஐந்து கட்டங்கள். நாளிதழ், தொலைக்காட்சி, வானொலி, கைபேசி, உறவினர் அல்லது அக்கம்பக்கத்தார். ஒன்றில் டிக் அடித்தே தீரவேண்டும். அடிக்காவிட்டால் படிவம் செல்லாது. ஓரத்தில் எதையாவது எழுதினாலும் செல்லாது.

இந்தப் படிவத்தோடு ஒருநாள் காலை லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்றாம் மாடி. லிஃப்ட்காரர் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை, மூச்சு வாங்கியது. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. நகக்கண் பத்திலும் கிரீஸ். அவர் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனையின் நீலச் சீருடை, தோளில் ஊக்கால் குத்திய அடையாள அட்டை. எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டது அந்த அக்காதான்.

“எந்தப் பேப்பர் படிக்கிறீங்கண்ணே?”

“படிக்கிறதில்ல தம்பி. பழைய பேப்பர் வாங்குவேன், கை துடைக்க.”

“அது எந்தக் கட்சிப் பேப்பர்?”

“கிரீஸ் எந்தக் கட்சிப் பேப்பர்லயும் போகும்.”

டிவியைப் பார்த்தேன். அதன் முன்னாலும் மேலேயும் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன.

“ரிமோட் காணாமப் போய் மூணு வருஷம் ஆச்சு,” என்றார் அக்கா. “தேடணும், தேடணும்னு இருக்கோம். அவசரம் ஒண்ணும் வரல.”

வானொலி கிடையாது. கைபேசி, பழைய பட்டன் வகை. இப்படி ஒரு சுத்தமான வீட்டை நான் பார்த்ததே இல்லை. இங்கே நம்பிக்கை பத்துக்குப் பத்துதான் என்று பேனாவை அந்தக் கட்டத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு கேட்டேன். “சுழி போடுங்க” என்றார்.

“ஏண்ணே?”

“அரசாங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ரோப் போச்சு. மாசாமாசம் நான்தான் பார்க்கிறேன். மூடுங்கன்னு ஏழு லெட்டர் எழுதிட்டேன். கிணத்துல போட்ட கல்லு. இவ அங்கதான் அஞ்சாவது மாடியில வார்டு உதவியாளர். ஒரு நாளைக்கு நாப்பது தடவை அதுல ஏறி இறங்குறா. அதை மூடச் சொல்லுங்க, பத்துக்குப் பதினொண்ணு போட்டுக்குங்க.”

“ரோப் போச்சுன்னு எதுல கேள்விப்பட்டீங்க?”

“கேள்விப்படல தம்பி. தொட்டுப் பார்த்தேன்.”

“சரிண்ணே, ஆனா முதல்ல யாரு சொல்லி…”

“ரோப்தான் சொல்லிச்சு.”

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். “அவரு வாய் பொய் சொல்லும் தம்பி, நான் கேரன்டி. கை சொல்லாது.”

நான் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்து கட்டங்கள்தான் இருந்தன.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. மறுநாள் மருத்துவமனைக்கு வரச்சொல்லி, ஆறு மாடி ஏற்றி, மொட்டைமாடியில் இருந்த மெஷின் அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு பழைய துணியை என் கையில் கொடுத்து, நின்றிருந்த ரோப்பில் மேலிருந்து கீழாகத் தடவச் சொன்னார். நான்கு ரோப்கள். முதல் இரண்டிலும் துணி வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவதில் சிக்கியது. இழுத்தேன், கிழிந்தது. அறுந்த கம்பி இழைகள் முள் முள்ளாக வெளியே நின்றன. நான்காவதில் துணியைத் தாண்டி ஒரு முள் என் ஆள்காட்டி விரலில் ஏறியது. விரல் முழுக்கச் செங்கல் பொடி மாதிரி ஒரு துரு, அதோடு கொஞ்சம் ரத்தம்.

“இப்ப சொல்லுங்க, எந்தச் சேனல்ல பார்த்தீங்க?” என்றார்.

பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். லிஃப்ட் அளவுக்கு மிஞ்சின வேகத்தில் இறங்கினால் பிடித்து நிறுத்துகிற சாமான் அதுதானாம்.

“இதை ஏன் கட்டி வெச்சிருக்கு?”

“அடிக்கடி நிறுத்துதுன்னு புகார். புகார் வரக்கூடாதுன்னு மேலேயிருந்து உத்தரவு. ரெண்டு தடவை அவுத்தேன். ரெண்டு தடவையும் கட்டிட்டாங்க. மூணாவது தடவை அவுத்தா, இந்த ரூம் சாவியையே வாங்கிடுவோம்னு எழுத்துல கொடுத்துட்டாங்க.”

அலுவலகத்துக்கு வந்து இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரலையும் காட்டினேன். அவர் கண்ணை மூடியிருந்ததால் விரல் வீணாயிற்று.

“கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குன்னு சொல்வாங்களே சார்,” என்றேன்.

“அது பழமொழி. ஆணையம் பழமொழியில நடக்க முடியாது,” என்றவர், உடனே நடந்தார்: “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். செய்தியே பார்க்காத ஒரு வீட்டுல அவநம்பிக்கை எப்படி வந்துச்சு? எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கு. கண்டுபிடிங்க.”

லிஃப்ட்டைப் பற்றி என்ன செய்வது என்று கேட்டேன்.

“லிஃப்ட் நம்ம துறையில வராது. லிஃப்ட்டைப் பத்தின எண்ணம்தான் வரும்.”

இரண்டு நிபுணர்களை அனுப்பினார்கள். முதலாமவர் ஊடக நிபுணர். அவர் லிஃப்ட்காரர் கை துடைத்துப் போட்ட காகிதங்களைப் பெட்டியோடு எடுத்துவந்து, நான்கு நாள் உட்கார்ந்து ஆராய்ந்தார். கிரீஸ் படிந்த ஒரு துண்டில் ‘ஆபத்து’ என்ற சொல் அகப்பட்டது. அலுவலகமே எழுந்து நின்றது. மிச்சத் துண்டுகளை ஒட்டிப் பார்த்ததில் அது முடி உதிர்வதற்கான எண்ணெய் விளம்பரம். நிபுணர் மனம் தளரவில்லை. அச்சு மை தோல் வழியாக ஏறக்கூடும் என்று இருபது பக்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்.

இரண்டாமவர் அரசியல் மனப்பான்மை நிபுணர். அவர் பரம்பரையைத் தோண்டினார்.

“உங்க அப்பா எந்தக் கட்சி?”

“அப்பாவும் லிஃப்ட்தாங்க.”

“தாத்தா?”

“தாத்தா காலத்துல ஊர்ல மாடியே இல்ல.”

‘பதில் சொல்லாமல் நழுவுகிறார்’ என்று குறித்துக்கொண்டார். லிஃப்ட்காரர் ஒவ்வொருவரையும் வாசல்வரை வழியனுப்பி வைத்து, ஒவ்வொருவரிடமும் அதையே கேட்டார்: “அந்த லிஃப்ட்டை எப்பங்க மூடுவீங்க?” வருகிறவர்கள் எல்லாரும் அரசாங்க ஆட்கள், அடையாள அட்டை வேறு வைத்திருக்கிறார்கள், தான் சொல்வதை வேறு எழுதிக்கொள்கிறார்கள். எழுதிக்கொண்டால் எதுவோ நடக்கும் என்று அந்த மனிதர் நினைத்தார்.

இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை. ‘செய்தியே பார்க்காமல் அவநம்பிக்கை கொண்ட அபூர்வ மனிதர்’ என்று ஒரு பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டார். பிடித்தது சனி.

இரண்டாம் சேனல் அன்று மாலையே ‘மரண லிஃப்ட்!’ என்று சிவப்பு எழுத்தில் போட்டது. ஏதோ ஒரு தேசத்தில் எப்போதோ விழுந்த வேறொரு லிஃப்ட்டை மணிக்கு நாற்பது தடவை விழவைத்தார்கள். எட்டுப் பேர் எட்டுக் கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள். லிஃப்ட்காரரையும் போனில் பிடித்தார்கள்.

“ரோப்பை மாத்தணும்ங்க,” என்றார் அவர்.

“அதாவது இந்த ஆட்சியையே மாத்தணும்னு சொல்றீங்க?”

“ஆட்சி இல்லைங்க. ரோப்.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஒன்றாம் சேனல் சும்மா இருக்குமா? ‘நம் லிஃப்ட், நம் பெருமை’ என்று தொடங்கியது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். மறுநாள் காலை எட்டு மணிக்கு மருத்துவமனை வாசலில் வரிசை நின்றது. நோயாளிகள் இல்லை, நோயாளிகளின் சொந்தங்களும் இல்லை. ஒன்றாம் சேனல் பார்ப்பவர்கள். தங்கள் நம்பிக்கையைக் காட்டுவதற்காகக் குடும்பத்தோடு வந்து, ஏறி, ஆறாவது மாடிவரை போய், படம் எடுத்துக்கொண்டு, இறங்கினார்கள். சிலர் நாளைக்கு மூன்று வேளை வந்தார்கள். இரண்டாம் சேனல்காரர்களோ லிஃப்ட் பக்கமே தலைவைக்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த அப்பாவை இரண்டு மகன்கள் நாற்காலியோடு படியில் தூக்கிக்கொண்டு இறங்கியதை நான் பார்த்தேன். நடுவழியில் ஒருவர் வந்து அந்தப் படிக்கட்டு எதிர்க்கட்சி ஆட்சியில் கட்டியதா, இந்த ஆட்சியில் கட்டியதா என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார். இரண்டு மகன்களும் யோசித்துக்கொண்டே நின்றார்கள். அப்பா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினாறு பேர் ஏறவேண்டிய லிஃப்ட்டில் இருபத்திரண்டு பேர். காலை முதல் மாலைவரை. அதே நான்கு ரோப். அதிலும் இரண்டு போனவை.

லிஃப்ட்காரர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். இயக்குநர் முன்னால் நின்று, “ஐயா, எனக்கு நம்பிக்கை வந்துடுச்சுன்னே எழுதிக்குங்க. கையெழுத்துப் போடுறேன். ரோப்பை மட்டும் மாத்திடுங்க” என்றார்.

இயக்குநர் கண்ணை மூடி அன்போடு சொன்னார்: “நீங்க புரிஞ்சுக்கணும். ரோப்பை மாத்தினா, பழைய ரோப் சரியில்லைன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் ஜனங்க புது ரோப்பை எப்படி நம்புவாங்க? இப்ப நம்புறாங்க இல்ல? வரிசையில நிக்கிறாங்க பாருங்க. ஒரு ரோப்புக்காக அந்த நம்பிக்கையை அறுக்கச் சொல்றீங்களா?”

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். நான் மேஜையில் இருந்த ஸ்டேப்லரைப் பார்த்தேன்.

ரோப்புக்குப் பதிலாக லிஃப்ட்டுக்குள் ஆளுயரக் கண்ணாடி வைத்தார்கள். மூலையில் பிளாஸ்டிக் பூ. கதவுக்குப் பக்கத்தில் ‘இது நம்பிக்கைக்குரிய லிஃப்ட்’ என்று பித்தளைத் தகடு. படிக்கட்டின் அடியில் ஒரு மேஜையும் ஒரு பதிவேடும். ஊழியர்கள் யாராவது படியேறினால் பெயரையும் காரணத்தையும் எழுதவேண்டும். மூன்று முறை எழுதினால் விளக்கக் கடிதம். அக்கா இரண்டு முறை எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தில், ‘வீட்டுக்காரர் சொன்னார்.’

அந்த வாரம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருவரும் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

“லீவு போடு.”

“எத்தனை நாளைக்குப் போட? அது மாத்துற வரைக்குமா?” என்றார் அக்கா. “என் வார்டுல முப்பது பேரு படுத்துக் கிடக்காங்க. அவங்களுக்கும் சேர்த்து லீவு தருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.”

பிறகு வந்தது நம்பிக்கை நாள். அமைச்சர் வருகிறார், லிஃப்ட் முன்னால் விழா. மேடை, மைக், இரண்டு சேனல்களின் கேமராக்கள். ஒன்றாம் சேனல் கூட்டம் வலப்பக்கம், இரண்டாம் சேனல் கூட்டம் இடப்பக்கம். நடுவில் கயிறு. அந்தக் கயிறு மட்டும் புத்தம் புதுசு.

அமைச்சர் பேசினார்: “இந்த லிஃப்ட்டைப் பற்றிக் கேள்வி கேட்பவர்களை நான் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் மேலே போனது கீழே வந்திருக்கிறதா, இல்லையா? கீழே வராமல் நின்றதுண்டா? எங்கள் ஆட்சியில் கீழே வருவதற்கு நாங்கள் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை!” வலப்பக்கம் கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்து, மனம் திருந்திய குடிமகன் என்று லிஃப்ட்காரரை மைக்கின் முன் நிறுத்தினார்கள். ‘எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது’ என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்திருந்தார்கள். அவர் அதில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ரோப் தேஞ்சு போச்சுங்க. தயவுசெஞ்சு யாரும் ஏறாதீங்க.”

வலப்பக்கம், “ரெண்டாம் சேனல் கைக்கூலி!” என்று எழுந்தது. இடப்பக்கம் கைதட்டி விசில் அடித்தார்கள். “அப்படிச் சொல்லுய்யா! இந்த ஆட்சியில எல்லாமே தேஞ்சு போச்சு!”

அவர் இடப்பக்கம் திரும்பினார். “உங்க ஆட்சியிலயும் இப்படித்தாங்க இருந்துச்சு. மொத மூணு லெட்டர் உங்களுக்குத்தான் எழுதினேன்.”

கைத்தட்டல் நின்றது. பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து அவரைத் திட்டின. நான் ஒன்பது ஆண்டுகளில் அந்த நகரம் ஒற்றுமையாக இருந்து பார்த்தது அந்த இரண்டு நிமிடம்தான். மைக்கை அணைத்தார்கள்.

அமைச்சர் ஆறாவது மாடியில் புதுப் பிரிவைத் திறந்துவைக்க வேண்டும். எல்லாரும் லிஃப்ட் பக்கம் வழிவிட்டு நின்றார்கள். அமைச்சர் லிஃப்ட்டைப் பார்த்தார், கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், தலையைக் கோதிக்கொண்டார். “டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு” என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறினார். அவர் பின்னால் அதிகாரிகள், அவர்கள் பின்னால் இயக்குநர். அத்தனை பேருக்கும் அன்று டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அமைச்சர் இறங்கும்வரை படிக்கட்டு மூடப்பட்டது. பதிவேட்டு மேஜையைக் குறுக்கே போட்டு இரண்டு காவலர்கள் நின்றார்கள்.

அப்போதுதான் அக்கா வந்தார். தள்ளுவண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர். ஐந்தாவது மாடியில் யாருக்கோ மூச்சு முட்டுகிறது. படிப்பக்கம் போனார், காவலர் கையை நீட்டி மறித்தார். சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். அமைச்சர் இறங்கட்டும் என்றார்கள்.

லிஃப்ட்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏங்க, காலையில இருந்தே சத்தம் மாறியிருக்குங்க,” என்றார் அக்கா தணிந்த குரலில். “மேல போகும்போது ஒரு உதறல் வேற.”

“ஏறாதே. அஞ்சே நிமிஷம் நில்லு. மேல போய் மெயினை அணைச்சுட்டு வந்துடறேன்.”

மெயின் சுவிட்ச் மொட்டைமாடியில். மொட்டைமாடிக்கு வழி படிக்கட்டு. அவர் காவலர்களிடம் கெஞ்சியது எனக்குக் கேட்டது. “அமைச்சர் இறங்கினதும் போங்க” என்று அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர் மேஜையைத் தாண்டப் பார்த்தார். பிடித்து உட்காரவைத்தார்கள்.

லிஃப்ட் வந்து நின்றது. வலப்பக்கக் கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டு உள்ளே நெருக்கியது. ஐந்தாம் மாடியிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, “சிலிண்டர் எங்கே?” என்று கத்தினார். அக்கா ஒரு முறை மேலே பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தார். “சாயங்காலம் பேசிக்கலாம்” என்று கையைக் காட்டிவிட்டு வண்டியோடு உள்ளே போனார்.

நான் பதினைந்து அடி தூரத்தில் நின்றேன். என் விரலில் அந்தக் காயத்தின் வடு இருந்தது. ஓடிப்போய்க் கதவை மறித்திருக்கலாம். கத்தியிருக்கலாம். பைக்குள் இருந்த படிவங்கள் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை நினைக்கும்போதெல்லாம் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நான்காவது மாடியைத் தாண்டியதும் மேலே ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. கட்டிவைத்த சக்கரம் யாரையும் தடுக்கவில்லை.

நான்கு பேர் இறந்தார்கள். அக்கா அதில் ஒருவர். சிலிண்டர் போகாததால் ஐந்தாவது மாடியில் இறந்தவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

‘லிஃப்ட் வழக்கத்தைவிட விரைவாகத் தரைத்தளத்தை அடைந்தது’ என்றது ஒன்றாம் சேனல். எதிர்க்கட்சியின் சதி என்று இரவுக்குள் நிரூபித்தும் விட்டது. இரண்டாம் சேனல் நாற்பது பேர் இறந்ததாகச் சொன்னது. நான்கு போதாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாளே எங்களை அளக்க அனுப்பினார்கள். ஒன்றாம் சேனல் வீடுகளில் நம்பிக்கை தொண்ணூற்றிரண்டு. இரண்டாம் சேனல் வீடுகளில் எட்டு. கூட்டி வகுத்தால் ஐம்பது.

“பார்த்தீங்களா?” என்றார் இயக்குநர். “இவ்வளவு பெரிய அதிர்ச்சி. அசையல பாருங்க.” ரிப்பன்காரர் காலையில் வந்து ரிப்பனைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஒரு வீட்டில் உறுப்பினர் எண்ணிக்கை மாறினால் புதுப் படிவம் நிரப்ப வேண்டும் என்பது விதி. மூன்று வாரம் பொறுத்து நான் போனேன். யாரும் நாற்காலியைத் துடைத்துப் போடவில்லை. நானே துடைத்து உட்கார்ந்தேன். டிவிக்கு முன்னாலிருந்த துணிகள் கட்டிலுக்கு மாறியிருந்தன.

“ரிமோட் கிடைச்சுது தம்பி,” என்றார் லிஃப்ட்காரர். “அவ துணிக்கு அடியிலதான் இருந்துச்சு. தேடவே இல்ல போல.”

ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். குடும்ப உறுப்பினர்கள், ஒன்று. நாளிதழ், இல்லை. நம்பிக்கை, சுழி. பதினொன்றுக்கு வந்ததும் நிறுத்தினேன். அவரே படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஐந்து கட்டங்களையும் விரலால் தடவினார், ரோப்பைத் தடவுகிற மாதிரி.

“இன்னும் கட்டம் போடலையா?”

“போடலண்ணே.”

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். “அன்னிக்குச் சத்தம் மாறியிருக்குன்னு அவதானே சொன்னா. அவ எனக்கு உறவுதானே? அஞ்சாவதுல போட்டுடு. நீயும் எத்தனை தடவைதான் மூணு மாடி ஏறுவ.”

போட்டேன்.

அந்தப் படிவத்தைக் கொண்டுபோய் வைத்தபோது இயக்குநர் முதன்முறையாகக் கண்ணைத் திறந்தார். ‘உறவினர்: மனைவி’ என்று வாய்விட்டுப் படித்தார். “நான் சொன்னேன் இல்ல? எங்கேயோ ஒரு ஓட்டை இருக்குன்னு!” என்று எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். மனைவி இப்போது இல்லை என்று சொன்னேன். அதற்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது: ‘வந்த வழி அடைபட்டது.’ கோப்பின் மேல் அதைக் குத்தியது நான்தான். மை சரியாகப் படியாததால் இரண்டு தடவை குத்தினேன்.

வருஷக் கடைசியில் ஆணைய ஊழியர்களும் படிவம் ஏழு நிரப்ப வேண்டும். பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் உண்டு. என் வீடு ஆறாவது மாடி. எதிர்வீட்டுக்காரர் குழந்தைகளோடு உள்ளே நின்று, “வாங்க சார், இடம் இருக்கு” என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறினேன். ரோப்பைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், எந்தச் சேனலில் பார்த்தீர்கள் என்று கேட்பார்.